அருளப்பு என்கிற பெயர்

கோப்பாயில் எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் அன்று பின்னேரம் உதைபந்தாட்டம். செம்மண் புழுதி முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றது. ஒரு பக்கம் கச்சான் வறுக்கிற மணம், மறுபக்கம் விளையாட்டுக்காரர் காலில் தேய்த்திருந்த தைலத்தின் மணம். பனைமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி ஊரையே எழுப்பிக்கொண்டிருந்தது.

எங்கள் கழகத்துக்கு அன்று மூன்று பேர் குறைவு. ஒருவனுக்குக் கால் சுளுக்கு. ஒருவன் நேர்முகப் பரீட்சைக்குக் கொழும்பு போய்விட்டான். மூன்றாமவன் பெண் பார்க்கப் போயிருந்தான். கழகத் தலைவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிற பிள்ளைகளைத் தரமுடியுமா என்று கேட்டார். டென்மார்க்கிலிருந்து ஒருவன், பாரிஸிலிருந்து ஒருவன், ஸ்கொட்லாந்திலிருந்து ஒருவன். மூவரும் என் கணவரின் தம்பிமாருடைய மக்கள். மூவரும் தென்னங்கன்று போல வளர்ந்தவர்கள். கேட்டு முடிப்பதற்குள் சப்பாத்துக் கயிறு கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மைக் பிடித்திருந்தவன் ஜெயம், என்னிடம் படித்தவன். வகுப்பில் வாயே திறக்கமாட்டான். மைக் கிடைத்தால் மூடமாட்டான். புதிதாக இறங்குகிற மூன்று பேரையும் கூப்பிட்டு ஒவ்வொருவராகப் பெயர் கேட்டான்.

முதலாமவன், “யென்ஸ்” என்றான். இரண்டாமவன், “ழான்.” மூன்றாமவன், “இயன்.” ஜெயம் அவற்றைத் தன் வாய்க்கு ஏற்றபடி வளைத்து ஊருக்கு அறிவித்தான்.

எனக்குப் பக்கத்தில் டென்மார்க்கானின் தாய் ரஞ்சி கால்மேல் கால் போட்டுக் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தாள். “யென்ஸ்” என்று ஒலிபெருக்கியில் கேட்டதும் சட்டென்று காலை இறக்கி, சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினாள். மாமா அறைக்குள் வந்தால் எங்கள் வீட்டு மருமக்கள் எல்லோரும் செய்கிற காரியம் அது. அடுத்த பெயர் வந்தபோது பாரிஸ் வசந்தியும் அதையே செய்தாள். மாமாவோ அங்கே இல்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார்.

என்ன விஷயம் என்று இருவரையும் கேட்டேன். ரஞ்சி ஒரு பிடி கச்சானை என் கையில் வைத்துவிட்டு விளையாட்டைப் பார்த்தாள்.

வாசகர் கேட்ட கேள்வி

இந்தத் தொடரைக் கிழமை தவறாமல் வாசிக்கும் ஒருவர், சுன்னாகம் சந்தையில் என்னை மறித்து வைத்து ஒரு குறை சொன்னார். உங்கள் கணவரின் பெயர் வந்துவிட்டது, அயலவர் பெயர் வந்துவிட்டது, ஆட்டுக்குட்டியின் பெயர்கூட வந்துவிட்டது, மாமனாருக்கு மட்டும் ஏன் பெயரில்லை என்றார். கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

மாமாவின் பெயர் அருளப்பு. இப்போது எழுதலாம். எழுதலாம் என்று ஆனதுதான் இந்தக் கிழமைக் கதை.

நான் இணுவிலில் பிறந்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, மிஷன் பள்ளிக்கூடத்திலேயே படிப்பித்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் எல்லோரும் வாய்க்காரர். கல்யாணம் கட்டிக் கத்தோலிக்க வீட்டுக்கு வந்தபோதுதான், மாமனாரின் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்று அறிந்தேன். சைவ வீடுகளில் உள்ள வழக்கம் கிறிஸ்தவ வேதத்துக்குள்ளும் வந்து குந்திக்கொண்டிருக்கிறதே என்று முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு என் வாயும் பழகிவிட்டது.

எங்கள் மாமி இந்த விஷயத்தில் படு கெட்டிக்காரி. கிராம சேவையாளர் கந்தோரில் கணவர் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்கிற பிள்ளையைப் பார்ப்பார், பிள்ளை சொல்லும். மாலைச் செபத்தில் புனிதர்களை வரிசையாகக் கூப்பிட்டு மன்றாடும்போது அருளப்பர் வருகிற இடத்தில் மாமிக்கு இருமல் வரும். நாங்கள் இருமலுக்கு, “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று பதில் சொல்வோம். எத்தனையோ காலம் அந்தப் புனிதர் எங்கள் வீட்டில் இருமலாகவே இருந்தார். அவர் கோபித்ததாகத் தெரியவில்லை.

பேரில்லாத பேரன்மார்

மாமாவுக்கோ தன் பெயரில் அளவில்லாத பிரியம். தோட்டக்காரர். மண்வெட்டிப் பிடி, வாளி, கலியாண வீடுகளுக்கு இரவல் போகிற கதிரை, எல்லாவற்றிலும் வெள்ளைப் பூச்சில் ‘அருளப்பு’ என்று எழுதி வைத்திருப்பார். ஒருமுறை ஆட்டின் முதுகிலும் எழுதிப் பார்த்தார். ஆடு ஒத்துழைக்கவில்லை.

அந்தக் குடும்பத்தில் பெயர்கள் ஒன்றுவிட்டு ஒன்று வரும். அருளப்புவின் மகன் சந்தியாப்பிள்ளை, அவர் மகன் மறுபடியும் அருளப்பு. பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தான் பேரன் என்கிறோம் என்று சொல்வார்கள். என் கணவர் சந்தியாப்பிள்ளை. ஆகவே அடுத்த அருளப்பு என் வயிற்றில் வந்திருக்கவேண்டும். எனக்கு இரண்டும் பெண்கள். அதற்காக மாமா என்னை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. பேத்திகளைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். பெயருக்காகத் தம்பிமார் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டென்மார்க்கில் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை என்று செய்தி வந்தது. யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கடையில் வரிசையில் நின்று வெளிநாட்டு அழைப்பு எடுக்கிற காலம் அது. தாயும் பிள்ளையும் சுகமா என்று கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிடும். பிறகு பாரிஸில் ஒருவன், பிறகு ஸ்கொட்லாந்தில் ஒருவன். காலம் மாறி வீட்டுக்கே தொலைபேசி வந்தது, கைக்கும் வந்தது. முகம் பார்த்துக் கதைக்கிற காலமும் வந்தது. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து எப்போது கேட்டாலும் ராசன், குட்டி, அப்பன். இதைத் தவிர வேறு பெயர் எங்கள் காதில் விழவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஏதோ வெள்ளைக்காரப் பெயர் வைத்திருக்கிறார்களாம் என்று மட்டும் கேள்வி.

மாமா கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற மரியாதை மரியாதையா என்பது அவர் கட்சி. மகன்மார் சொல்லவும் இல்லை.

எண்பது வயது நிறைவுக்கு எல்லோரையும் வரவழைத்தது என் கணவர். ஞாயிறு காலை நன்றித் திருப்பலி, மத்தியானம் விருந்து. எல்லாம் ஒழுங்கு. வியாழக்கிழமை மாமா தலைமகனைக் கூப்பிட்டு, தான் பூசைக்கு வரவில்லை என்றார். சுவாமி பேரப்பிள்ளைகளை முன்னுக்குக் கூப்பிட்டு ஆசீர்வதிக்கும்போது பெயர்களை வாசிப்பார் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

“ஊருக்கு முன்னாலை பேரில்லாத பேரன்மாரோடை நான் ஏன் நிக்கவேணும்? என்ரை பேர் என்னோடை போகட்டும். நீங்கள் போய்ச் செபம் பண்ணுங்கோ” என்றார்.

சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கடல் கடந்து வந்த தம்பிமாருக்கு இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் என் கணவர் வெள்ளி முழுவதும் கிணற்றடியில் சும்மா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அந்த நிலையில்தான் சனிக்கிழமை இந்த விளையாட்டு.

ரஞ்சி வாய் திறந்தாள்

திரும்பவும் மைதானத்துக்கு வருகிறேன். பந்து எங்கள் பக்கக் கோலுக்குள் ஒரு தடவை போய்விட்டது. நான் ரஞ்சியை விடவில்லை. என்ன மாமா வந்தது போல அடங்குகிறாய் என்று நச்சரித்தேன். கடைசியில் அவள் குனிந்து என் காதுக்குள் சொன்னாள்.

“அது மாமாவின்ரை பேர் அக்கா. மூத்தவனுக்கு அப்பான்ரை பேர்தான் எண்டு இவர் ஒற்றைக் காலிலை நிண்டவர். அங்கத்தைச் சுவாமியிட்டைக் கேட்டம். இஞ்சை அந்தப் புனிதருக்கு யென்ஸ் எண்டு சொல்லுவினம் எண்டார். மாமாவின்ரை பேரைச் சொல்லிப் பிள்ளைக்கு எப்பிடி அக்கா ஏசுறது? அதாலை ராசன் எண்டு கூப்பிட்டம்.”

வசந்தி இந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். “எங்கடையவனுக்கும் அதுதானே வைச்சனாங்கள்” என்றாள்.

இரண்டு பேரும் என்னைத் தாண்டி ஒருவரையொருவர் பார்த்தார்கள். தன் பிள்ளைக்கு மட்டும்தான் அந்தப் பெயர் என்று இருவருமே நினைத்திருக்கிறார்கள். ஸ்கொட்லாந்து மருமகள் லீவு கிடைக்காமல் வரவில்லை. அவளைக் கேட்கத் தேவையில்லாமல், என் தலைக்குள் இருந்த பழைய ரீச்சர் எழும்பி நின்றாள்.

ஒரு பெயர் நடந்த தூரம்

எபிரேயத்தில் அது யோகனான். கடவுள் அருள் செய்தார் என்று பொருள். கிரேக்கர் வாயில் யோவான்னெஸ், இலத்தீனில் யோகான்னெஸ். அங்கிருந்து அந்தப் பெயர் போகாத ஊரில்லை. இத்தாலியில் ஜொவான்னி, ஸ்பெயினில் ஹுவான், பிரான்சில் ழான், ரஷ்யாவில் இவான். ஜெர்மன்காரர் யோகான் என்று தொடங்கி, செல்லமாக ஹான்ஸ் என்று முடிப்பார்கள். டென்மார்க்கில் யென்ஸ். ஆங்கிலத்தில் ஜோன், அயர்லாந்தில் ஷோன், ஸ்கொட்லாந்தில் இயன். அராபிய முஸ்லிம்களுக்கு யஹ்யா. போர்த்துக்கீசர் அதை ஜுவாவ் என்றபடி எங்கள் கரைக்கும் வந்தார்கள். நம் ஊரில் இருக்கிற சுவாம்பிள்ளை என்ற பெயர் அவர்களிடம் வாங்கியதென்று சொல்வார்கள். எங்கள் இணுவில் வீட்டு வேதாகமத்தில் யோவான்.

இவர்கள் எல்லோரும் சத்தத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்கள். போகிற வழியில் தேய்ந்தது, உடைந்தது, ஒட்டியது. தமிழ்க் கத்தோலிக்கருக்குப் பெயர் கொடுத்த யாரோ ஒருவர் மட்டும் சத்தத்தை வாசலில் விட்டுவிட்டுப் பொருளை உள்ளே கூட்டி வந்தார். அருள், அருளப்பர், அருளப்பு. யோகனானைப் பெற்ற தாய் இன்று எழும்பி வந்தால் யென்ஸைத் தெரியாமல் விழிப்பாள். அருளப்புவுக்குப் பொருள் சொன்னால், என் பிள்ளை என்று கட்டிப்பிடிப்பாள். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. யாரும் சண்டைக்கு வந்தால் வரட்டும்.

மாமா மண்வெட்டியில் எழுதி வைத்த பெயர் உலகத்தின் பாதியை நடந்து முடித்த பெயர். அவருடைய மக்கள் மூவரும் அதைத் தங்கள் தங்கள் ஊர்ச் சட்டையில் பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறார்கள். அதை மதித்த மதிப்பில் தாய்மார் வாயால் சொல்லவே இல்லை. அப்பாவுக்கு விளங்கும்தானே என்று தகப்பன்மார் இருந்துவிட்டார்கள். ஒரு பெயருக்கு இவ்வளவு மரியாதை செய்து, அந்தப் பெயருக்கு உரியவரைப் பட்டினி போட எங்கள் ஆட்களால் மட்டும்தான் முடியும்.

மைக் திறந்திருந்தது

நான் எழும்பி ஜெயத்திடம் போனேன். அந்த மூவரையும் தமிழில் அறிவிக்கச் சொன்னேன். மூவருக்கும் ஒரே பெயர்தான் என்றேன்.

“என்ன பேர் ரீச்சர்?” என்று கேட்டான்.

நான் கணவரைத் தேடினேன். அவர் மைதானத்தின் அந்தக் கரையில் தோடம்பழம் வெட்டிக்கொண்டிருந்தார். திரும்பி ரஞ்சியையும் வசந்தியையும் பார்த்தேன். இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். ஜெயம் காத்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் வாயில் வராத சொல்.

“அருளப்பு” என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் மைக் திறந்திருந்தது. பனைமரத்து ஒலிபெருக்கி என் குரலில் மாமாவின் பெயரைக் கோப்பாய்க்கும் அடுத்த ஊருக்கும் சேர்த்துச் சொல்லியது. மைதானத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். வெட்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. உள்ளுக்குள் மேளம் அடித்தது போல ஒரு சந்தோஷம்தான் வந்தது.

ஜெயத்துக்கு அதற்குமேல் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. “டென்மார்க் அருளப்பு பந்தைக் கொண்டு போறார். பாரிஸ் அருளப்புவுக்குக் குடுக்கிறார். பாரிஸ் அருளப்பு ஸ்கொட்லாந்து அருளப்புவைப் பாக்கிறார்” என்று தொடங்கிவிட்டான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பந்து யாரிடம் போனாலும் அவன் அருளப்புவை விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் மைதானத்தை ஒட்டிய எங்கள் வீட்டுப் படலை அடிபடுகிற சத்தம். மாமா வருகிறார். வேட்டி மடித்துக் கட்டி, தோளில் துவாய். கரையில் நின்று விசாரிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. நேரே மைதானத்துக்குள் நடந்து நடுவில் போய் நின்றார். நடுவர் விசில் ஊதி விளையாட்டை நிறுத்தினார்.

“ஆர் என்ரை பேரை ஏலம் போடுறது?”

ஜெயம் கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் காட்டினான். நன்றாகப் படிப்பித்திருக்கிறேன் பாருங்கள். நான் எழும்பினேன். அதற்கு முன்பே டென்மார்க்கான் புழுதியைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்துவிட்டான்.

“அப்பப்பா, அது என்ரை பேர்” என்றான்.

மாமா அவனை மேலும் கீழும் பார்த்தார். “உன்ரை பேரோ?”

“ஓம். உங்கடை பேர். சின்னனிலையே அப்பா சொன்னவர்.”

மற்ற இருவரும் தலையாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்கள். தங்களுக்கும் அப்படியே சொல்லித்தான் வளர்த்தார்கள் என்று உடைந்த தமிழில் சொன்னார்கள். அவர்களுக்கு இதில் அதிசயம் எதுவும் இல்லை. அப்பப்பாவுக்குத் தெரியாது என்பதுதான் அவர்களுக்குப் புதினம்.

மாமாவின் கண் பிள்ளைகளைத் தாண்டிக் கோல் கம்பத்தடியில் நின்ற தன் மகன்மார் மூவரிடம் போனது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். தலைநரைத்த மூன்று ஆண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலக் கால் பெருவிரலால் மண்ணைக் கிளறினார்கள். டென்மார்க் தம்பிதான் கடைசியில், “உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சம் அப்பா” என்றார்.

“நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு நான் இருந்தன்” என்றார் மாமா.

துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று ஊர் நினைத்திருக்கும். பிறகு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். யென்ஸும் ழானும் இயனும் எப்படி அருளப்பு ஆகும் என்று விளக்கச் சொன்னார். இரண்டு அணியின் இருபத்திரண்டு பேரும் நடுவரும் சுற்றி நிற்க, நான் மைதானத்தின் நடுவே பாடம் நடத்தினேன். என் உத்தியோக காலத்தில் இப்படி அமைதியான வகுப்பு எனக்கு அமைந்ததில்லை.

முழுவதையும் கேட்டுவிட்டு மாமா ஒரு கேள்விதான் கேட்டார். ரஷ்யாவிலும் நானோ என்றார். ஓம் மாமா என்றேன். துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, விளையாட்டைத் தொடரலாம் என்று நடுவருக்கு அனுமதி கொடுத்தார். போய் முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்தார். இரண்டுக்கு ஒன்று என்று நாங்கள் வென்றோம். வென்ற கோலை இயன் அடித்தானா, பந்து அவன் முதுகில் பட்டு உள்ளே போனதா என்று ஊரில் இன்னும் வாதம் நடக்கிறது. மாமாவைக் கேட்டால், அருளப்பு அடித்தான் என்பார்.

ஞாயிற்றுக்கிழமை

பூசைக்கு எல்லோருக்கும் முதல் போனவர் மாமாதான். சுவாமி பேரன்மாரை முன்னுக்குக் கூப்பிட்டு, யென்ஸ் அருளப்பு, ழான் அருளப்பு, இயன் அருளப்பு என்று வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் மாமாவும் சேர்ந்து எழும்பினார். மூன்றாவது தடவை உட்காரவே இல்லை. பூசை முடியும்வரை நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பின்வரிசை வாங்குகளில் இருந்தவர்களுக்குப் பீடம் தெரியவில்லை. ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் மாமா, மருமக்கள் எங்களை நிறுத்தினார். இனிமேல் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கோ என்றார். ரஞ்சி நிலத்தைப் பார்த்து, அது எப்படி மாமா என்று முணுமுணுத்தாள்.

“பேர் கூப்பிடுறதுக்குத்தான் பிள்ளை. நான் சொல்லுறன், கூப்பிடு” என்றார்.

மத்தியானம் இலை போட்டாயிற்று. கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் ஆட்டிறைச்சிக் கறியும் ஆறிக்கொண்டிருந்தன. மாமாவும் பேரன்மாரும் முற்றத்து மாமரத்தின் கீழே கதிரைகளைச் சேர்த்துப் போட்டு இருந்தார்கள். ரஞ்சி குசினி வாசலுக்கு வந்தாள். ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். வாசல் நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முற்றம் முழுவதும் கேட்கக் கூப்பிட்டாள்.

“அருளப்பு, சாப்பிட வா.”

பிள்ளைகள் திரும்புவதற்குள் மாமாவின் குரல் வந்தது.

“ஓம், வாறம்.”